தீபாவளிக்குத் தேய்த்தது, கார்த்திகையில் கட்ட வேண்டியது



தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரங்களில் சிவகாசிக் கடைவீதி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போனஸ் வந்திருக்கும். பயர் ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், கூடுதல் நேரம் பார்த்த கூலி கையில் இருக்கும். ஜவுளிக்கடையில் நிற்க இடம் இருக்காது. செல்போன் கடை, நகைக்கடை, ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற கடை என்று எங்கே போனாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கார்டு மெஷின் இருக்கும். "கையில குறையுதாக்கா? கார்டு இருந்தா குடுங்க. அடுத்த மாசந்தானே கட்டப் போறீங்க."

அந்த அடுத்த மாதம் எது என்று யோசித்துப் பார்த்தோமா?

அது கார்த்திகை. பட்டாசு ஆலைகள் தீபாவளியோடு பூட்டி, வாரக்கணக்கில் திறக்காத காலம். மழை பிடித்தால் திறந்த ஆலையிலும் மருந்து காயாது, வேலை அரைகுறைதான். போனஸ் செலவாகி முடிந்திருக்கும். சனிக்கிழமைச் சம்பளம் நின்றிருக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் கிரெடிட் கார்டு பில் ஃபோனில் வந்து விழுகிறது.

கார்டை யாருக்காகச் செய்தார்கள்? மாதா மாதம் ஒரே தேதியில் ஒரே தொகை சம்பளம் வாங்குகிறவருக்காக. வங்கி ஊழியர், அரசு ஊழியர், சென்னையிலோ பெங்களூரிலோ ஐடி வேலை பார்க்கும் பிள்ளைகள், இவர்களுக்கு அந்த அளவு பொருந்தும். நம் பக்கத்து வருமானம் அப்படி வருவதில்லை. பட்டாசுக்கு தீபாவளி. காலண்டருக்கு ஆடிப் பதினெட்டில் ஆல்பம் போட்டு மார்கழி வரை ஓட்டம். விருதுநகர் மண்டியில் வத்தலுக்கும் பருப்புக்கும் வரத்து ஒரு காலம், விலை ஒரு காலம். வருமானம் அலை அலையாக வருகிறது. கார்டு பில் மட்டும் மாதம் தவறாமல் வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிற இடைவெளியில்தான் பல குடும்பங்கள் சிக்குகின்றன.

கிரெடிட் கார்டே வேண்டாம் என்று சொல்ல நான் இந்தப் பக்கத்தை எழுதவில்லை. 1980இல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா முதல் கார்டை வெளியிட்டபோது அது பெரிய மனிதர்களின் பொருள். 2024 தொடக்கத்தில் நாட்டில் புழங்கும் கார்டுகள் 10 கோடியைத் தாண்டிவிட்டன. ரூபே கார்டை யுபிஐயோடு இணைத்துவிட்டதால் இன்று பெட்டிக்கடை க்யூஆர் அட்டையிலும் கடனுக்கு வாங்கலாம். ரயில் டிக்கெட், மருத்துவமனை முன்பணம், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம் என்று கார்டு கைகொடுக்கும் இடங்கள் நிறைய. பில் தொகையை முழுதாகக் கட்டிவிடுகிறவருக்கு 45, 50 நாள் வரை ஒரு பைசா வட்டி இல்லாமல் பணம் கிடைக்கிறது. அதை ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்?

சிக்கல், முழுதாகக் கட்டாத அந்த முதல் மாதத்தில் ஆரம்பிக்கிறது.

நம் விருதுநகர் மாவட்டத்தில் வட்டிக் கணக்கு தெரியாத வீடு கிடையாது. "என்ன வட்டி?" என்று கேட்டால் சதவீதத்தில் யாரும் பதில் சொல்வதில்லை. ஒரு வட்டி, ரெண்டு வட்டி, மூணு வட்டி என்போம். நூறு ரூபாய்க்கு மாதம் அத்தனை ரூபாய். ஒரு வட்டிக்குக் கொடுத்தால் நல்ல மனிதர். ரெண்டு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மூணு என்றால் வீட்டுப் பெரியவர்கள், "எதுக்கு இவ்வளவு அவசரம், கொஞ்சம் பொறு" என்பார்கள்.

இப்போது கார்டின் வட்டியையும் அதே கணக்குக்குக் கொண்டுவாருங்கள். பல கார்டுகளில் மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம். அதாவது நூற்றுக்கு மூணே முக்கால் ரூபாய் வரை. அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டையும் சேர்த்தால் மூணே முக்கால் வட்டி நூற்றுக்கு 4 ரூபாய் 40 காசைத் தாண்டுகிறது. தெருவில் ஒருவர் நாலரை வட்டி கேட்டால் நாம் அவர் வாசலை மிதிப்போமா? அதே வட்டியை ஏசி அறையில் உட்கார்ந்து, பளபளப்பான அட்டையில் கொடுத்தால் மட்டும் ஏன் யோசிப்பதில்லை?

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். மனைவி தீப்பெட்டி ஆபீஸ் போகிறார். தீபாவளிக்கு டிவியும் துணிமணியுமாகக் கார்டில் 40,000 ரூபாய் ஆகிவிட்டது. கார்த்திகையில் பில் வருகிறது. கூடவே, "குறைந்தபட்சம் 2,000 ரூபாய் கட்டினால் போதும்" என்ற வரியும் வருகிறது. அப்பாடா என்று கட்டிவிடுகிறார்கள்.

அந்த 2,000 எங்கே போகிறது? மூணே முக்கால் வட்டிக்கு 40,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 1,500 ரூபாய். ஜிஎஸ்டி 270. மொத்தம் 1,770. அசலில் கழிந்தது வெறும் 230 ரூபாய். மாதம் 2,000 வீதம் ஆறு மாதம் இப்படியே கட்டினால் 12,000 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கும். கடன் குறைந்திருப்பது சுமார் 1,500 ரூபாய்தான். இதுவும், அந்த ஆறு மாதத்தில் அந்தக் கார்டில் ஒரு ரூபாய்கூடப் புதிதாகச் செலவழிக்கவில்லை என்றால்தான். குறைந்தபட்சத் தொகையைச் சில வங்கிகள் வேறு விதமாகக் கணக்கிடும், கொஞ்சம் கூடுதலாகவும் கேட்கும். அதனால் கணக்கின் போக்கு பெரிதாக மாறிவிடாது.

பாக்கி நிற்கிற கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கு அந்த 45 நாள் சலுகையும் கிடையாது. இது பலருக்குத் தெரிவதில்லை. பழைய பாக்கி தீரும்வரை, இன்று வாங்கும் பலசரக்குக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும். ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தாலோ கட்டணம் தனி, வட்டி எடுத்த நாளிலிருந்தே.

இந்த வட்டிக்கு யாரும் வரம்பு வைக்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003இல் சட்டம் வந்தது. கார்டு விஷயத்தில், ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. ஆக, ஆண்டுக்கு 45 சதவீதம் வாங்குவது சட்டத்துக்கு உட்பட்டதுதான். நமக்கு உள்ள ஒரே வரம்பு, பாக்கி வைக்காமல் இருப்பது.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. வட்டிக்காரர் சைக்கிளில் வந்து வாசலில் நின்றால் வீட்டுக்கே தெரியும். பக்கத்து வீட்டுக்கும் தெரியும். அந்தச் சங்கடமே நம்மை அடுத்த கடன் வாங்க விடாமல் தடுத்தது. கார்டுக் கடன் ஃபோனுக்குள் இருக்கிறது. கணவர் கார்டில் எவ்வளவு பாக்கி என்று எத்தனை மனைவிமாருக்குத் தெரியும்? மகன் வெளியூரில் மூன்று கார்டு வைத்திருப்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? வசூல் ஏஜெண்டின் ஃபோன் வரும்போதுதான் வீட்டுக்கு விஷயம் தெரிகிறது. அதற்குள் முப்பதாயிரம் மூன்று லட்சம் ஆகியிருக்கும்.

எப்படி ஆகிறது? உருட்டுவதால். ஒரு கார்டின் பில்லைக் கட்ட இன்னொரு கார்டைத் தேய்த்துப் பணமாக்குகிறார்கள். தெரிந்த கடையில், பொருள் வாங்காமலே பொருள் வாங்கியதுபோல் தேய்த்து, கமிஷன் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் வாங்குகிறார்கள். இது கார்டு ஒப்பந்தத்துக்கே விரோதம், கண்டுபிடித்தால் வங்கி கார்டை முடக்கிவிடும். அது ஒருபுறம் இருக்கட்டும். ஒவ்வொரு உருட்டலிலும் நூற்றுக்கு இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் கமிஷன் போகிறது, கடன் குறைவதே இல்லை. கார்டுகள் தீர்ந்ததும் லோன் ஆப். அதுவும் தீர்ந்ததும் மனைவி பேரில் குழுக் கடன். அங்கே அவர் தவணை தவறினால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் பதில் சொல்ல வேண்டிவருகிறது. ஒரு டிவிக்கு வாங்கிய கடன் தெருவில் பத்துப் பெண்களின் நிம்மதியைக் கெடுக்கும் வரை வந்து நிற்கிறது.

கடனே தப்பு என்று சொல்கிற ஊர்க்காரர்கள் இல்லை நாம். கடன் வாங்காமல் சிவகாசியில் எத்தனை அச்சகம் எழுந்திருக்கும்? விருதுநகரில் வத்தல் மூட்டையைத் தவணைக்கு எடுக்கும் வியாபாரி, அதை விற்ற பணத்தில் தவணையைக் கட்டுகிறார். சரக்கே கடனை அடைக்கிறது. மெஷின் வாங்கக் கடன் எடுத்தவருக்கு மெஷின் சம்பாதித்துக் கொடுக்கிறது. தீபாவளிக்கு எடுத்த துணி யாருக்குச் சம்பாதித்துக் கொடுக்கும்? வீட்டுச் செலவைக் கடனில் செய்தால், அதை அடைக்க வேண்டியது நாளைய கூலிதான். அந்தக் கூலி வரும் என்பதற்கோ நம் தொழிலில் உத்தரவாதம் குறைவு.

2018 அக்டோபர் 23 நினைவிருக்கிறதா? பசுமைப் பட்டாசு மட்டுமே, பேரியம் கூடாது, சரவெடி கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நவம்பரில் பூட்டிய ஆலைகள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. அடுத்து 2020இல் கொரோனா. இவை போக, எங்காவது ஒரு ஆலையில் விபத்து நடந்தால், உயிரிழப்பின் துயரம் ஆறுவதற்குள் சோதனைகள் தொடங்கி, சுற்றுவட்டாரத்தில் பல ஆலைகள் வேலையை நிறுத்துகின்றன. சோதனை அவசியம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வாரங்களில் வெம்பக்கோட்டையிலும் சாத்தூரிலும் திருத்தங்கலிலும் கூலி இல்லாமல் இருக்கிற வீடுகளுக்குக் கார்டு நிறுவனம் தேதி தள்ளித் தருமா?

அதனால் என் யோசனை இது. உங்கள் கார்டின் லிமிட் ஐப்பசி மாத வருமானத்தை வைத்து இருக்கக் கூடாது. கார்த்திகை மாத வருமானத்தை வைத்து இருக்க வேண்டும். ஆண்டிலேயே மிகக் குறைவாகப் பணம் வரும் மாதம் எதுவோ, அந்த மாதத்தில் வீட்டுச் செலவு போக எவ்வளவு கட்ட முடியுமோ, அதுதான் உங்கள் லிமிட். வங்கி 1,50,000 கொடுத்திருக்கலாம். அது அவர்கள் கணக்கு. லிமிட்டைக் குறைத்துத் தரச் சொல்லி வங்கியிடம் கேட்கலாம். ஆன்லைனுக்கு எவ்வளவு, கடையில் எவ்வளவு, ஏடிஎம்முக்கு எவ்வளவு என்று நீங்களே வங்கி ஆப்பில் வரம்பு வைக்கலாம். தேவையில்லாததை அணைத்தும் வைக்கலாம். இந்த வசதியைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020இலேயே உத்தரவிட்டிருக்கிறது.

இன்னொன்று, நம் ஊர்ப் பெரியவர்கள் செய்து காட்டியது. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலைக்குப் பிடி அரிசி கொடுத்த கதை உங்களுக்குத் தெரியும். வீட்டுப் பெண்கள் உலையில் போடுவதற்கு முன்பே ஒரு பிடி அரிசியைப் பானையில் எடுத்து வைத்தார்கள். வியாபாரிகள் விற்பனையில் மகமை என்று ஒரு சிறு தொகையை ஒதுக்கினார்கள். சாப்பிட்டு மிஞ்சினால் போடலாம் என்று அவர்கள் காத்திருந்தால் பள்ளிக்கூடம் வந்திருக்குமா? கார்டில் 800 ரூபாய்க்குப் பலசரக்கு வாங்கினால், அன்று இரவே அந்த 800 ரூபாயைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். பில் வரும்போது பணம் தயாராக இருக்கும். எடுத்து வைக்க 800 ரூபாய் இல்லையா? அப்படியானால் அன்றைக்கு அந்தப் பொருளைக் கார்டில் வாங்கக் கூடாது. ஆடியிலிருந்து ஐப்பசி வரை வேலை நிறைய இருக்கும் மாதங்களில் வாரம் 300, 500 என்று ஒதுக்கினால், ஆலை பூட்டும் நாட்களுக்கு இரண்டு மாதச் செலவில் ஒரு பகுதியாவது கையில் நிற்கும்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்வது? முதலில் வீட்டில் சொல்லுங்கள். எல்லாக் கார்டுகளின் பாக்கியையும் ஒரு தாளில் எழுதி, கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். கஷ்டமான மாலைதான். ஆனால் அந்த ஒரு மாலையைத் தள்ளிப்போட்டுத்தான் பலர் பல வருடம் தூக்கமில்லாமல் தவிக்கிறார்கள்.

அடுத்து, நாலரை வட்டியை ஒரு வட்டிக்குள் கொண்டுவாருங்கள். பீரோவில் இருக்கும் சங்கிலியை அடகு வைக்க நம் பெண்களுக்கு மனம் வராது. அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் வங்கி நகைக்கடன் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு ரூபாய்க்குள்தான் வருகிறது. அதே 40,000 ரூபாய்க்கு மாதம் 400 ரூபாய்க்குள் வட்டி. கட்டுகிற 2,000இல் 1,600 ரூபாய்க்கு மேல் அசலில் கழியும். தங்கம் இல்லாதவர்கள் பாக்கியைத் தவணைக் கடனாக மாற்றித் தரச் சொல்லி கார்டு நிறுவனத்தையே கேட்கலாம். செயல்முறைக் கட்டணம் கேட்பார்கள், வட்டிக்கு ஜிஎஸ்டியும் உண்டு. அப்படியும் பாக்கி வைப்பதைவிடக் குறைவாகவே முடியும். இரண்டில் எதைச் செய்தாலும் ஒரு நிபந்தனை: கடன் தீரும்வரை அந்தக் கார்டு பீரோவுக்குள். இல்லாவிட்டால் நகையும் அடகில், கார்டும் கடனில் என்று ஆகிவிடும்.

சில உரிமைகள் நமக்கு இருக்கின்றன. 2022 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, நீங்கள் கேட்காமல் கார்டு தரக் கூடாது. உங்கள் சம்மதமில்லாமல் லிமிட்டை உயர்த்தக் கூடாது. பாக்கியில்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். கட்ட வேண்டிய தேதி தவறினாலும் மூன்று நாளைக்கு மேல் தாண்டினால்தான் அபராதம் போட முடியும். பில் தேதியை உங்களுக்கு வசதியான நாளுக்கு மாற்றிக் கேட்கலாம். ஒவ்வொரு பில்லிலும், குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கை அச்சாகியிருக்க வேண்டும். உங்கள் பில்லில் தேடிப் பாருங்கள், இருக்கும். சிறிய எழுத்தில் இருக்கும்.

வசூல் ஏஜெண்ட் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் ஃபோன் செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது. உங்கள் ஃபோனில் உள்ள உறவினர் எண்களை லோன் ஆப் எடுக்கவே கூடாது. இவை 2022இல் ரிசர்வ் வங்கி எழுதிய விதிகள். மீறினால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். விவரம் கேட்க 14448, கட்டணமில்லா எண். மோசடி ஆப், மிரட்டல் என்றால் சைபர் குற்றப் பிரிவின் 1930. வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டத்தான் வேண்டும். அதற்காக மரியாதையையும் சேர்த்து அடகு வைக்க வேண்டியதில்லை. கடனுக்காக உயிரைவிடும் எண்ணம் யாருக்காவது எட்டிப் பார்த்தால், தயவுசெய்து அந்த நேரத்தில் தனியாக இருக்காதீர்கள். 104க்கு அழையுங்கள், யாரிடமாவது பேசுங்கள். தீர்க்க முடியாத கார்டுக் கடன் என்று ஒன்று கிடையாது.

அடுத்த இதழில் குழுக் கடனைப் பற்றி விரிவாக எழுத இருக்கிறோம். உங்கள் குழுவில் வாரத் தவணையா, மாதத் தவணையா, வட்டி எவ்வளவு என்று சொன்னார்கள், கடைசியில் எவ்வளவு கட்டினீர்கள் என்று எழுதுங்கள். பாஸ்புக் பக்கத்தின் நகலையும் சேர்த்து அனுப்பினால் கணக்குப் போட உதவியாக இருக்கும். பெயரை வெளியிட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்